மூன்று ‘பேக்’: ஆங்கில உச்சரிப்பு பற்றி ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: எனக்கு வயது 36. கணக்குப் பிரிவில் வேலை. ஆங்கிலத்தில் படிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் இல்லை. சில மாதங்களாக வெளிநாட்டுக் குழுவோடு இணையவழிக் கூட்டங்களில் பேச வேண்டியிருக்கிறது. நான் வாயைத் திறந்தாலே ‘ஸாரி?’ என்கிறார்கள். ஒரு ஆவணத் தொகுப்பை ‘பேக்’ என்று குறிப்பிட்டு, அனுப்புகிறேன் என்றேன்; எதையோ திருப்பி அனுப்பப்போகிறேன் என்று புரிந்துகொண்டார்கள். திங்கட்கிழமைக்குள் முடியும் என்றேன். முடியாது என்று எழுதிக்கொண்டார்கள். தினமும் கண்ணாடி முன் நின்று ‘டங் ட்விஸ்டர்’ வாக்கியங்களை வேகமாகச் சொல்லிப் பழகுகிறேன். அமெரிக்கப் படங்களைப் பார்த்து அப்படியே பேசிப் பார்க்கிறேன். பலன் இல்லை. இந்த வயதில் உச்சரிப்பு மாறுமா? ‘ஆக்சென்ட்’ வகுப்பில் சேரலாமா? கூட்டத்தில் என் முறை வரும்போதே தொண்டை வறண்டுவிடுகிறது.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

வயதைப் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். உச்சரிப்பு மாறும். பிறந்ததிலிருந்தே ஆங்கிலம் பேசியவர் என்று மற்றவர்கள் நினைக்கும் அளவுக்கு மாறுமா என்றால், வளர்ந்த பிறகு தொடங்கியவர்களில் மிகச் சிலருக்குத்தான் அது வாய்க்கிறது. உங்களுக்கு அது தேவையும் இல்லை. நீங்கள் சொல்வது முதல் தடவையிலேயே புரிய வேண்டும், அவ்வளவுதான். இரண்டும் வெவ்வேறு இலக்குகள். முரே மன்ரோ, ட்ரேசி டெர்விங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1995இல் சீன மொழி பேசுபவர்களின் ஆங்கிலத்தை, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடம் கொடுத்துக் கேட்டதை எழுதச் சொன்னார்கள். ‘இவருக்கு வேற்றுமொழிச் சாயல் மிக அதிகம்’ என்று மதிப்பெண் வாங்கிய பேச்சுகளில் பலவற்றைக் கேட்டவர்கள் ஒரு சொல் விடாமல் சரியாக எழுதியிருந்தார்கள். சாயல் இருப்பது வேறு, புரியாமல் போவது வேறு. நீங்கள் சரிசெய்ய வேண்டியது இரண்டாவதை.

அதனால்தான் அமெரிக்கப் படங்களைப் பார்த்து அப்படியே பேசிப் பார்ப்பதை இப்போதைக்கு நிறுத்தச் சொல்கிறேன். படத்தில் நம் காதுக்கு எடுப்பாகத் தெரிவது மேற்பூச்சு: நாக்கை வளைத்து ‘ர’ சொல்வது, சில சொற்களை இழுப்பது. அதைப் பிடித்துக்கொண்டால் பேச்சு விசித்திரமாகுமே தவிர, ‘பேக்’ சிக்கல் அப்படியே இருக்கும். டங் ட்விஸ்டர்களும் வேண்டாம். அவை வேகத்துக்கான பயிற்சி. தவறான ஒலியையே வேகமாகச் சொன்னால் அந்தத் தவறு இன்னும் நன்றாகப் படிந்துவிடும்.

சரி, அந்த ‘பேக்’குக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது அந்த ஒரு சொல்தான். ஆங்கிலத்தில் மூட்டை, தொகுப்பு என்ற பொருளில் ஒரு ‘பேக்’ உண்டு. பின்னால், முதுகு, திரும்ப என்ற பொருளில் ஒன்று. பை என்ற பொருளில் இன்னொன்று. மூன்றையும் தமிழில் எழுதினால் ஒரே மாதிரி ‘பேக்’ என்றுதான் எழுத வேண்டும். தமிழில் ‘ப’வும் ‘க’வும் நிற்கிற இடத்தைப் பொறுத்து வன்மையாகவோ மென்மையாகவோ ஒலிக்கும். ‘பல்’லில் ஒரு மாதிரி, ‘கம்ப’த்தில் ஒரு மாதிரி. அந்த வேறுபாட்டால் தமிழில் பொருள் மாறுவதில்லை, அதனால் நாம் அதைக் கவனிப்பதே இல்லை. ஆங்கிலத்தில் அதே வேறுபாடுதான் சொல்லையே மாற்றுகிறது.

இப்போது ஒரு மெல்லிய காகிதத் துண்டை எடுத்து உதட்டுக்கு முன்னால், இரண்டு விரல் இடைவெளியில் தொங்கவிடுங்கள். ‘பல்’ என்று சொல்லுங்கள். காகிதம் பெரும்பாலும் அசையாது. அடுத்து, அகராதிச் செயலியில் தொகுப்பு என்ற பொருளுள்ள ‘பேக்’கைக் கேட்டுவிட்டு, உதடு பிரியும் கணத்தில் ஒரு ‘ஹ்’ மூச்சு வெடித்து வெளியே போகும்படி சொல்லுங்கள்: ‘ப்ஹேக்’. காகிதம் துள்ள வேண்டும். அந்த மூச்சுத்தான் அடையாளம். ஆங்கிலம் கேட்டு வளர்ந்த காது, சொல்லின் தொடக்கத்தில் அந்த மூச்சு இருந்தால் வன்மையான ஒலி, இல்லையென்றால் மென்மையான ஒலி என்று எடுத்துக்கொள்கிறது. நீங்கள் நல்ல தமிழ்ப் ‘ப’வைச் சொன்னீர்கள், அதில் மூச்சு இல்லை, அவர்கள் ‘திரும்ப’ என்ற சொல்லைக் கேட்டார்கள். நடந்தது இவ்வளவுதான்.

இதே மூச்சு ‘ட’, ‘க’ ஒலிகளுக்கும் வேண்டும். அழுத்தம் விழும் அசையின் தொடக்கத்தில் மட்டும் கொடுத்தால் போதும். முன்னால் ‘ஸ்’ வந்துவிட்டால், ‘ஸ்பீட்’, ‘ஸ்கை’ போன்ற சொற்களில், மூச்சு கிடையாது. அங்கே நம் இயல்பான ஒலியே சரி. ‘க’வுக்குக் காகிதம் அவ்வளவாகத் துள்ளாது, உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது ‘பேக்’, அதாவது பை, கடைசி ஒலியில் வேறுபடுகிறது. இங்கே நம்மவர்கள் செய்வது, கடைசி ஒலியை மென்மையாக்குவதற்காக ஒரு குட்டி ‘உ’வைச் சேர்ப்பது: ‘பேகு’. அப்படிச் செய்தால் ஓர் அசை கூடிவிடும், கேட்பவர் குழம்பிவிடுவார். ஆங்கிலேயர்களின் வழி வேறு. அவர்கள் உயிரொலியை நீட்டுகிறார்கள். ‘முதுகு’க்கு உரிய ‘பேக்’கில் உயிர் சட்டென்று வெட்டப்படும், ‘பை’க்கு உரியதில் ‘பே…க்’ என்று நீளும், கடைசி ஒலி ஏறக்குறைய கரைந்தே போகும். இருக்கைக்கும் விதைக்கும் ஆங்கிலத்தில் உள்ள இரண்டு ‘சீட்’களும் இப்படித்தான். விதைக்கு உரியதை நீட்டிவிட்டால் மீதியைக் கேட்பவரின் காது பார்த்துக்கொள்ளும். குறில் நெடில் பிரித்து வளர்ந்த நமக்கு அளவை நீட்டிக் குறைப்பது கைவந்த விஷயம், இந்த இடத்தில் தமிழ் நமக்குத் துணை நிற்கிறது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாயைப் பழக்குவதற்கு முன் காதைப் பழக்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான், நீங்களும் விட்டிருக்கிறீர்கள். நம் காதிலேயே வேறுபாடு விழாவிட்டால் வாய் எதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும்? இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலச் சூழலில் வளரும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் இந்தியின் ‘த’, ‘ட’ வேறுபாட்டை எளிதாகப் பிரித்தறிந்தார்கள். ஒரு வயதை நெருங்கியபோது அந்தத் திறன் பெரும்பாலும் போய்விட்டது, ஏனென்றால் அவர்களைச் சுற்றி ஒலித்த மொழியில் அது தேவைப்படவில்லை. ‘பத்து’, ‘பட்டு’ இரண்டையும் நீங்கள் எவ்வளவு தெளிவாகச் சொன்னாலும் உங்கள் வெளிநாட்டுச் சக ஊழியர்களில் பலருக்கு ஒன்றாகவே கேட்கும். அவர்களுக்கு ‘த-ட’ எப்படியோ, நமக்கு அந்த ‘பேக்’குகள் அப்படி.

வளர்ந்த பிறகும் இந்தக் காதைத் திறக்கலாம். 1990களில் ஜப்பானியர்களுக்கு ஆங்கிலத்தின் ‘ர’, ‘ல’ ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொடுத்த ஆய்வுகளில் இரண்டு விஷயங்கள் தெரியவந்தன. ஒரே குரலைத் திரும்பத் திரும்பக் கேட்பதைவிட, பல பேருடைய குரல்களில், பல சொற்களில் கேட்பது நன்றாக வேலை செய்தது. இன்னொன்றுதான் எனக்கு மிகவும் பிடித்தது: பேசச் சொல்லியே தராமல் கேட்கும் பயிற்சி மட்டும் கொடுத்தபோதும், அவர்கள் அந்த ஒலிகளைச் சொல்வது மேம்பட்டது. எனவே ‘பேக்’ போலக் குழப்பும் ஒரு சொல் இணையை எடுத்துக்கொண்டால், பல நாட்டவர் பதிந்த உச்சரிப்புகள் கிடைக்கும் ‘ஃபோர்வோ’, யூடியூப் காணொளிகளில் அந்தச் சொல் வரும் இடங்களைத் தேடித் தரும் ‘யூகிளிஷ்’ போன்ற தளங்களில் ஆண் குரல், பெண் குரல், வயதானவர், இளையவர் என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ‘இது எந்த பேக்?’ என்று ஊகித்து, பிறகு திரையைப் பாருங்கள். ஊகம் பெரும்பாலும் சரியாக வரத் தொடங்கும்வரை வாயால் சொல்லிப் பழக அவசரப்பட வேண்டாம்.

அடுத்து, ‘முடியும்’ என்றது ‘முடியாது’ ஆன கதை. இதில் எந்த ஒலியையும் நீங்கள் தவறாகச் சொல்லியிருக்க மாட்டீர்கள். தவறு எடையில், அதாவது எந்த அசையை அழுத்துகிறோம் என்பதில் இருக்கிறது. தமிழில் ஏறக்குறைய எல்லா அசைக்கும் ஒரே மாதிரி இடம் கொடுத்துப் பேசுகிறோம். ஆங்கிலத்தில் சில அசைகள் நீண்டு, உயர்ந்து, தெளிவாக நிற்கும். மற்றவை ஒடுங்கி முணுமுணுப்பாகிவிடும். ‘ஐ கேன் செண்ட் இட்’ என்ற வாக்கியத்தில் ‘கேன்’ ஒடுங்க வேண்டிய சொல். ‘ஐ க்ன் செண்டிட்’ என்று அது காணாமலே போக வேண்டும், எடை முழுவதும் ‘செண்ட்’ மேல். ‘முடியாது’ என்று சொல்லும் ‘கேன்ட்’டில்தான் அது முழு உயிரோடு, எடையோடு வரும். கடைசியில் வரும் ‘ட்’ பல சமயம் வெளியே கேட்பதே இல்லை. ஆகவே நீங்கள் ‘கேன்’ என்று அழுத்தித் திருத்தமாகச் சொல்லும்போது, அவர்கள் காதில் மறுப்பாகவே விழுகிறது. தெளிவாகப் பேச வேண்டும் என்று நீங்கள் எடுத்துக்கொண்ட அக்கறையே இங்கே எதிராகப் போயிருக்கிறது.

எண்களிலும் இதே ஆபத்து, அதுவும் கணக்குப் பிரிவில்! 13க்கும் 30க்கும் உள்ள வேறுபாட்டை நாம் கடைசி ‘ன்’னில் தேடுகிறோம். கேட்பவர் எடையில் தேடுகிறார். 30இல் எடை முன் அசையில். 13ஐத் தனியாகச் சொல்லும்போது பின் அசை நீண்டு, எடையும் அங்கே விழும். 14, 40 தொடங்கி 19, 90 வரை இதே முறைதான். இந்த வாரமே இந்த ஜோடிகளைப் பழகுங்கள், பலன் அடுத்த கூட்டத்திலேயே தெரியும்.

தனிச் சொற்களில் எடை எங்கே விழுகிறது என்பதையும் கவனியுங்கள். அலுவலகத்தில் தினமும் புழங்கும் ‘கமிட்டி’யில் எடை ‘மி’யில். ‘டெவலப்’ என்று நாம் முதல் அசையை அழுத்துகிறோம். எடை நடுவில், ‘டிவெலப்’. ‘ஈவென்ட்’டிலும் ‘பர்சென்ட்’டிலும் இரண்டாவது அசை. ‘டிடர்மின்’ என்ற சொல்லில் ‘டர்’. கடைசியில் ‘மைன்’ இல்லை. புகைப்படத்தைக் குறிக்கும் ‘ஃபோட்டோகிராஃப்’பில் எடை முதல் அசையில் இருக்கும், அந்தக் கலையைக் குறிக்கும் சொல்லில் இரண்டாவது அசைக்குத் தாவி ‘ஃபடாக்ரஃபி’ ஆகிவிடும், உயிரொலிகளும் கூடவே மாறிவிடும். எல்லாவற்றுக்கும் விதி கிடையாது. ஆனால் ஒரு நல்ல விதி இருக்கிறது: ‘ஷன்’, ‘இக்’, ‘இட்டி’ என்று முடியும் சொற்களில் அந்த முடிவுக்கு உடனே முந்திய அசையில்தான் எடை. ‘இன்ஃபர்மேஷன்’னில் ‘மே’, ‘எகனாமிக்’கில் ‘னா’. ‘பாலிடிக்ஸ்’ போல ஒன்றிரண்டு விலக்குகள் உண்டு, அவற்றைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஒடுங்கும் அசைகளில் வரும் முணுமுணுப்பு உயிர்தான் ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலி. ‘அபவுட்’டின் தொடக்கத்தில் இருப்பது. வாயைப் பாதிகூடத் திறக்காமல், நாக்கை எங்கும் நகர்த்தாமல், சோம்பலாக ‘அ’ சொன்னால் கிட்டத்தட்ட வந்துவிடும். அகராதியில் இதற்கு, ஆங்கில நெடுங்கணக்கின் ஐந்தாவது எழுத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தது போன்ற குறி இருக்கும். 1886இல் பாரிஸில் தொடங்கிய சர்வதேச ஒலிப்பியல் சங்கம் வளர்த்த குறியீட்டு முறை அது. முழுவதையும் படிக்க வேண்டாம். இந்தக் குறி, எடை விழும் அசைக்கு முன்னால் மேலே வரும் சிறு செங்குத்துக் கோடு, உயிரை நீட்டச் சொல்லும் இரட்டைப் புள்ளி ஆகிய மூன்றும் தெரிந்தால் இந்த முறையைப் பின்பற்றும் எந்த அகராதியையும் பயன்படுத்தலாம்.

அப்புறம், தமிழ் பேசுபவர்களுக்கே உரிய இரண்டு பழக்கங்கள். ‘எ’வில் தொடங்கும் சொல்லை ‘யெ’ என்றும் ‘ஒ’வில் தொடங்குவதை ‘வொ’ என்றும் ஆரம்பிப்பது: ‘யெக்ஸாம்’, ‘வொன்லி’. நம் பேச்சில் ‘எனக்கு’, ‘ஒன்று’ என்பதையே அப்படித்தான் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இதனால் காதும் ஆண்டும் ஒன்றாகிவிடும், இரண்டுமே ‘இயர்’. இன்னொன்று, சொல் முடிவில் ‘புக்கு’, ‘டேபுளு’ என்று வரும் அந்த ‘உ’. இதை வெட்டப் பாடுபட வேண்டாம், அடுத்த சொல்லோடு சேர்த்துவிடுங்கள். ‘கடல்’, ‘ஓரம்’ இரண்டும் சேர்ந்து ‘கடலோரம்’ ஆவதைப் போலவே, ஆங்கிலத்திலும் மெய்யில் முடியும் சொல்லும் உயிரில் தொடங்கும் சொல்லும் பேச்சில் ஒட்டிக்கொள்ளும். ‘டர்ன் இட் ஆஃப்’ பேச்சில் ‘டர்னிடாஃப்’ ஆகும். எழுதும்போது விடும் இடைவெளியை வாயிலும் விடப் பார்ப்பதால்தான் ‘உ’ நுழைகிறது.

ஒலிகளில் இன்னும் ஒன்றே ஒன்றைத்தான் இப்போது கேட்பேன்: ‘வ’. நம் ‘வ’ ஆங்கிலத்தின் இரண்டு ஒலிகளுக்கு நடுவே நிற்கிறது, அதனால் ஈரமும் கால்நடை மருத்துவரும் ஒரே ‘வெட்’ ஆகிறார்கள். மருத்துவருக்கு மேற்பல்லைக் கீழுதட்டில் வைத்து, உதடு கூசும் அளவுக்கு ரீங்காரமாக ஒலியுங்கள். ஈரத்துக்கு உதட்டை ‘ஊ’ என்று குவித்து, பல்லே படாமல், அங்கிருந்து ‘எ’வுக்குப் போங்கள். உங்கள் கண்ணாடி உதவக்கூடிய இடம் இதுதான்.

விட்டுவிடக்கூடியவையும் உண்டு. ‘திங்க்’, ‘தட்’ போன்ற சொற்களில் வரும் ‘த’ ஒலிக்காக நாக்கைப் பல்லுக்கு வெளியே நீட்டிப் பாடுபடுகிறவர்கள் நிறைய. நம் ‘த’வையே வைத்துச் சொன்னாலும் இதில் பொருள் குழம்புவது அரிது. மென்மையான ஒலி வேண்டும் என்றால் ‘அது’ என்று சொல்லிப் பாருங்கள். அதில் வரும் இளகிய ‘த’ ஏறக்குறைய அதுதான். ‘ட’ கொஞ்சம் நாவளைந்து வருவதோ ‘ர’ தட்டி ஒலிப்பதோ புரிதலைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. அவை உங்கள் சாயல். இருக்கட்டும்.

பயிற்சிக்கு ஒரு மணி நேரம் வேண்டாம். இருபது நிமிடம் போதும், ஆனால் ஒரு நாளும் விடாமல். நீங்கள் அடுத்த கூட்டத்தில் உண்மையிலேயே சொல்லப்போகும் ஐந்தாறு வாக்கியங்களை எழுதிக்கொள்ளுங்கள். எங்கே நிறுத்தி மூச்சு வாங்குவது என்று கோடு போட்டுத் துண்டுகளாகப் பிரியுங்கள், ஒவ்வொரு துண்டிலும் எடை விழும் ஒரு சொல்லுக்கு அடியில் கோடு போடுங்கள். முதலில் சொற்களே இல்லாமல் ‘ம்ம்-ம்-ம்ம்’ என்று அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் முணுமுணுங்கள். பிறகு சொற்களோடு சொல்லி, தொலைபேசியில் பதியுங்கள். உடனே கேட்க வேண்டாம், மறுநாள் கேளுங்கள். தன் குரலைப் பதிவில் கேட்பது எல்லோருக்கும் சங்கடமாகத்தான் இருக்கும். பேசும்போது நம் குரல் எலும்பின் வழியாகவும் நமக்குக் கேட்கிறது, பதிவில் அந்தப் பங்கு இல்லை. நாளடைவில் பழகிவிடும். ஒரு பதிவில் ஒரு விஷயத்தை மட்டும் தேடுங்கள்: இன்று ‘ப’வின் மூச்சு, நாளை எடை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனிக்கப் போனால் எதுவும் நடக்காது.

தொலைபேசியின் குரல்வழித் தட்டச்சையும் சோதனைக்குப் பயன்படுத்தலாம், தனிச் சொற்களை மட்டும் சொல்லி. முழு வாக்கியத்தைச் சொன்னால் அது சூழலை வைத்து ஊகித்துச் சரியாக எழுதிவிடும், உங்கள் தவறு உங்களுக்குத் தெரியாமல் போகும். மெதுவாகப் பேசுங்கள் என்று யாராவது சொன்னால் ஒவ்வொரு சொல்லையும் இழுக்காதீர்கள், துண்டுகளுக்கு நடுவே நிற்கும் நேரத்தைக் கூட்டுங்கள்.

வகுப்பைப் பொறுத்தவரை, நல்ல ஆசிரியர் ஒருவர் கிடைத்தால் சேருங்கள், வேலை பாதியாகக் குறையும். சேரும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். முதலில் என் பேச்சைப் பதிந்து கேட்டு, எனக்குத் தேவையான மூன்று நான்கு விஷயங்கள் எவை என்று சொல்வீர்களா? தமிழ் பேசுபவர்களுக்கு எங்கே சிக்கல் வரும் என்று தெரியுமா? இரண்டுக்கும் தெளிவான பதில் வராவிட்டாலோ, சாயலையே ஒரு மாதத்தில் துடைத்துவிடுவோம் என்று சொன்னாலோ பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, தொண்டை வறளும் அந்தக் கணம். ‘ஸாரி?’ என்று அவர்கள் கேட்டதும் நாம் செய்வது, அதே சொல்லை இன்னும் சத்தமாகச் சொல்வது. அவர்களுக்குச் சத்தம் போதவில்லை என்று பிரச்சினை இல்லை. சொல்லை மாற்றிவிடுங்கள். ‘பேக்’ புரியவில்லையா, ‘ஆல் த டாக்குமெண்ட்ஸ்’ என்று சொல்லுங்கள். 13ஆ 30ஆ என்ற சந்தேகம் வந்தால் ‘ஒன் த்ரீ’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள், வானொலித் தொடர்பில் இருப்பவர்கள் எண்களை அப்படித்தான் சொல்கிறார்கள். ‘முடியும்’ என்பதற்கு ‘யெஸ், மண்டே இஸ் ஃபைன்’ போதும். கூட்டம் முடிந்ததும் தொகையையும் தேதியையும் இரண்டு வரி மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். அதில் நீங்கள் ஏற்கனவே தேர்ந்தவர். அந்தக் குழுவில் உங்களோடு இணக்கமாகப் பேசும் ஒருவர் இருந்தால், எந்தச் சொற்கள் புரியவில்லை என்று குறித்துத் தரும்படி கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு செய்வார்கள். அந்தப் பட்டியல் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள், அடுத்து எந்த ஒலியை எடுப்பது என்று அதை வைத்து முடிவு செய்வோம்.